பெயரில் கௌரவம்! வேலையில்?

கலாசாலைகளில் பாடம் சொல்லும் விரிவுரையாளர்களைப் பற்றி நமது நாட்டில் இரண்டு விதமான பேச்சுகள் நடந்து வருகின்றன. ஒன்று மேடைப் பேச்சு; மற்றொன்று திண்ணைப் பேச்சு. மேடையில் ஏறினால் ஆசிரியனைத் தெய்வம் என்கிறார்கள். மும்மூர்த்திகளும் அவனே என்று சுலோகம் சொல்லுகிறார்கள். வருஷத்துக்கொருமுறை செப்டம்பர் 5-ந் தேதி மாலை போட்டு அனுப்பி விடுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தாலோ, "காலேஜ் வாத்தியார்கள் எங்கே பாடம் நடத்துகிறார்கள்? சம்பளம் வாங்கத்தான் லாயக்கு" என்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமான பேச்சுகள் போலத் தோன்றினாலும் உண்மையில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றேயாகும். அதாவது, ஒருவன் நன்றாகப் பாடம் சொல்லுவதும் சொல்லாமலிருப்பதும் அவனுடைய பிறவிக் குணத்தைப் பொறுத்தது என்பதேயாகும். பிறவியில் குருவாகப் பிறந்தவன் விளங்குவான், அப்படிப் பிறவாதவன் விளங்கமாட்டான் என்று சொல்லிவிட்டால் பிறகு சர்க்காருக்கும் வேலையில்லை, கலாசாலைத் தலைவருக்கும் வேலையில்லை, ஜனங்களுக்கும் கேள்வியில்லை.

தலையெழுத்தை நம்பாதவர்கள் இதை மாத்திரம் எப்படி நம்ப முடியும் என்று கேட்கின்றோம். நமது பாட்டன்மார் கமலை கட்டி இறைத்த காலத்தில், தண்ணீர் சரியாக ஏறவில்லையென்றால் மாட்டை மட்டும் அடித்துக்கொண்டிருக்கவில்லை. வடம் இற்றுப் போயிருக்கிறதா, சாலில் ஓட்டையிருக்கிறதா, கிணற்றிலேயே தண்ணீர் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாயிருந்தும் மாடு படுத்துக்கொண்டால் அப்போதுதான் மாட்டின் மேல் குற்றம் சொன்னார்கள். விரிவுரையாளருடைய வேலையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இதில் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுவதும் கிட்டத்தட்ட இதுவே. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் 200 என்ஜினீயர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959-ஆம் வருஷத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மனிதனுக்கு வேலையில் வெறுப்பு உண்டாக்குகிற காரியங்கள் வேறு, விருப்பம் உண்டாக்குகிற காரியங்கள் வேறு என்பது அதன் சாரம். சம்பளக் குறைவு, நாளைக்கு வேலை இருக்குமோ இராதோ என்கிற பயம், மேலதிகாரியின் நடத்தை, அர்த்தமில்லாத சட்டதிட்டங்கள் ஆகியவை வெறுப்பை உண்டாக்குகின்றன. இவற்றைச் சரிப்படுத்தினால் வெறுப்பு போகும். அதனாலேயே ஊக்கம் வந்துவிடாது. ஊக்கம் வருவதற்கு, செய்த வேலை பலித்தது என்கிற திருப்தி, பிறர் அதை ஒப்புக்கொள்ளுதல், பொறுப்பு, வேலையிலேயே ஒரு சுவை ஆகியவை வேண்டும். இதைப் பின்னால் வந்தவர்கள் பலவாறு மறுத்தும் திருத்தியும் இருக்கிறார்கள். ஆனாலும் ஸ்தாபனம் செய்ய வேண்டியது ஒரு பங்கு, தனி மனிதன் செய்ய வேண்டியது ஒரு பங்கு என்பதில் சந்தேகமில்லை. கேள்வியெல்லாம், எதை முதலில் கேட்பது என்பதுதான்.

இனி நமது புதுக்கோட்டைக்கு வருவோம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி 1857-இல் பள்ளிக்கூடமாகத் தோன்றி 1880-இல் கலாசாலையானது. சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதி இந்தியாவோடு சேர்ந்த பின் அது சர்க்கார் கலாசாலையாயிற்று. இன்று அது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருக்கிறது. அதோடு பெண்களுக்கென்று அரசு மகளிர் கலாசாலையும், அறந்தாங்கி முதலிய ஊர்களில் அரசு கலை அறிவியல் கலாசாலைகளும் இருக்கின்றன. கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி, திருமயம், மணமேல்குடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி இவற்றுக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர், தங்கள் குடும்பத்தில் கலாசாலை வாசலை மிதித்த முதல் ஆட்களாவார்கள். முந்திரிக்காட்டிலும் நூறு நாள் வேலையிலும் கூலி வாங்கிய தாய்மாரின் பிள்ளைகள்.

இப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவர்கள் யார்? பெரும்பாலும் "கௌரவ விரிவுரையாளர்கள்" என்று பெயர் சூட்டப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 160-க்கு மேற்பட்ட அரசு கலை அறிவியல் கலாசாலைகளில் 7,000-க்கு மேற்பட்டவர்கள் இந்தப் பெயரோடு வேலை செய்து வந்திருக்கிறார்கள். காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று இரண்டு சுழற்சிகள் நடக்கிற கலாசாலைகளில் மாலைச் சுழற்சியைத் தாங்குவது பெரும்பாலும் இவர்களே.

இந்தப் பெயரையே முதலில் யோசிக்க வேண்டுகிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் கௌரவ மாஜிஸ்திரேட் என்று ஒரு உத்தியோகம் இருந்தது. நிலமும் பணமும் படைத்தவர்கள், சம்பளம் வேண்டாம், மரியாதை போதும் என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வயிற்றுக்கு வேறு வழியிருந்தது. ஆகவே கௌரவம் என்றால் சம்பளமில்லை என்று அர்த்தமாயிற்று. அந்தச் சொல்லை எடுத்து, வயிற்றுக்கு வேறு வழியில்லாத, எம்.ஏ.யும் எம்.பில்.லும் பி.எச்டி.யும் படித்துக் கடனோடு நிற்கிற ஒரு குடியானவன் மகன் தலையில் கட்டியிருப்பது எவ்வளவு பெரிய கேலி! தேசிய அளவில் நெட் தேர்வும், மாகாண அளவில் செட் தேர்வும் எழுதித் தேறியவர்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2024-ஆம் வருஷத்தில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். அதுவும் 12 மாதத்துக்கல்ல, 11 மாதத்துக்கு. மே மாதத்தில் அவருக்கு வயிறு இல்லையென்று சர்க்கார் தீர்மானித்திருக்கிறது போலும்! ஆக வருஷத்துக்கு 2,75,000 ரூபாய். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மட்டுமே மாதம் 57,700, வருஷத்துக்கு 6,92,400. பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதற்கு மேல். இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே பாடத்திட்டத்தை, ஒரே பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார்கள். பரீட்சை விடைத்தாளிலோ யார் சொல்லிக்கொடுத்தது என்று தனிக்கலம் கிடையாது.

யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். வருஷத்துக்கு 30 வாரம் பாட வாரம். பெருக்கினால் 480 மணி. கௌரவ விரிவுரையாளரும் அதே 16 மணி நடத்துவதாக வைத்துக்கொண்டால் ஒரு மணிக்குச் சுமார் 573 ரூபாய் விழுகிறது. அதே யு.ஜி.சி. 2019 ஜனவரியில், வெளி விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000-க்கு மேற்படாமல் கொடுக்கலாமென்று சொல்லிற்று. 2018-ஆம் வருஷ விதியிலோ இன்னும் ஒருபடி மேலே போய், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த ஆசிரியர் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்றும், அவர்களுடைய சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியருடைய மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது என்றும் எழுதிற்று. விதி இப்படியிருக்க, நடப்பு அப்படியிருந்தது. பிறகு 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட புது வரைவில் அந்த 10 விழுக்காட்டு வரம்பையே காணோம்! நடப்பை விதிக்குக் கொண்டுவர முடியாதபோது விதியை நடப்புக்குக் கொண்டுவந்து விடுவது நல்ல தந்திரந்தான்.

நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதோ ஊர்த் தேர் நகருவது போல் நகருகிறது. 2019-இல் 2,331 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் விளம்பரம் செய்தது, அது நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள், தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் 2,708 இடங்கள் என்று மறுபடியும் விளம்பரம் வந்தது. முதல் விளம்பரம் வந்தபோது 34 வயதாயிருந்தவனுக்கு மூன்றாவது விளம்பரத்தின்போது 40 ஆகிவிட்டது. தலையில் நரைதான் நிரந்தரமாயிற்று.

இவ்வளவையும் சொல்லுவது விரிவுரையாளர்கள் மேல் இரக்கம் உண்டாக்குவதற்கு மாத்திரமல்ல. இது வகுப்பறையில் என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவர் மூன்று வருஷப் படிப்புக்குத் திட்டம் போட முடியாது. முதல் வருஷத்தில் கணக்கில் தடுமாறின பையன் மூன்றாம் வருஷத்தில் தேறினானா என்று பார்க்க அவர் இருக்கமாட்டார். சம்பளம் பற்றாதவர் சாயங்காலம் டியூஷனுக்கோ கடைக் கணக்கு எழுதவோ போகிறார். ஆகவே நாளைய பாடத்துக்குப் படிக்க நேரமில்லை. ஆகவே பழைய நோட்டையே வாசிக்கிறார். மேலதிகாரி தயவிருந்தால்தான் அடுத்த வருஷ வேலை என்றிருப்பவர், பாடத்திட்டத்தில் தப்பிருந்தால் தப்பென்று சொல்லமாட்டார். ஆய்வகத்தில் சாமான் இல்லையென்று கடிதம் எழுதமாட்டார். பெண் பிள்ளைக்கு ஒருவன் தொந்தரவு கொடுத்தான் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கத் தயங்குவார். பயந்தவன் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் முதல் பாடம் பயம்தான். பிள்ளைகளுக்குச் சுயமாய் யோசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியவனை, தான் சுயமாய் யோசித்தால் சோறு போய்விடும் என்கிற நிலையில் வைத்துவிட்டு, நாட்டில் பகுத்தறிவு வளரவில்லையே என்று அழுவதில் என்ன அர்த்தமிருக்கிறது?

இந்த நஷ்டம் எல்லோருக்கும் சமமாய் விழுவதில்லை. பணக்காரன் பிள்ளைக்கு வகுப்பு சரியில்லையென்றால் தனிப் பயிற்சி உண்டு. வீட்டில் படித்த தகப்பன் உண்டு. கறம்பக்குடிப் பிள்ளைக்கு அந்த விரிவுரையாளரை விட்டால் வேறு கதியில்லை. 2021-22-ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர் படிப்பில் சேருகிறவர்கள் 100-க்கு 47 பேர். இந்தியா முழுவதிலும் 100-க்கு 28 பேர். இது மெச்சத் தக்கதே. 2022-இல் பெண் பிள்ளைகளுக்கும் 2024-இல் ஆண் பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்துக் கலாசாலைக்கு வரவழைக்கும் திட்டங்கள் தொடங்கினதையும் வரவேற்கிறோம். ஆனால் விருந்தாளியை வண்டி வைத்து அழைத்து வந்துவிட்டு, அடுப்படியில் சமையற்காரனைப் பட்டினி போட்டால் இலையில் என்ன விழும்?

இவ்விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டார் 2025 ஆகஸ்டில் சொன்னது கவனிக்கத் தக்கது. குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை செய்து வந்தார்கள்; அதே வேலை செய்த நிரந்தரக்காரர்களுக்கு 1,36,000-க்கு மேல். அந்த வழக்கில் கோர்ட்டார், உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்த அளவுச் சம்பளத்தையாவது இவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்ததோடு, குருவை மும்மூர்த்தியாக்கும் சுலோகத்தைக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, ஆசிரியனை நடத்துகிற விதத்தில் அது தெரிய வேண்டும் என்ற கருத்தையும் சொன்னார்கள். தெய்வமாக்கியதெல்லாம் கூலி கேளாமலிருப்பதற்கே என்பதை இதைவிட எப்படிச் சொல்லுவது?

நிற்க. இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் சொல்லப்படலாம்.

ஒன்று, நமது புதுக்கோட்டையையே சாட்சிக்கு இழுப்பது. 1991, 1992-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளமில்லாமல் கிராமத்துக் கிராமம் போய் எழுத்தறிவித்தார்கள். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலையில் கிளம்பியதை உலகமே பார்த்தது. "அவர்களுக்கு யார் 57,700 கொடுத்தார்கள்? மனமிருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். மனமிருந்தது உண்மைதான். ஆனால் அந்த மனம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஜில்லா நிர்வாகம் அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தது, பாடப் புத்தகம் வந்தது, பயிற்சி நடந்தது, செய்த வேலையின் பலன் கண்ணுக்கு முன்னால் கையெழுத்தாகத் தெரிந்தது. அன்றியும் அது மற்ற ஜீவனத்தோடு சாயங்காலங்களில் செய்த, ஒரு கால அளவுள்ள தொண்டு. அதைக் காட்டி, முழுநேர வேலைக்காரனை 20 வருஷம் அரைச் சம்பளத்தில் வைக்கலாமென்பது தொண்டையும் கெடுத்து வேலையையும் கெடுப்பதாகும். உண்மையில் அறிவொளி நமக்குக் காட்டுவது, ஸ்தாபனம் ஒழுங்காயிருந்தால் சாதாரண மனிதர்களிடமிருந்து எவ்வளவு வேலை வெளிவரும் என்பதையே.

மற்றொன்று, "முழுச் சம்பளம் வாங்குகிற நிரந்தரக்காரர்கள் எல்லோரும் கிழித்துவிட்டார்களா?" என்பது. இந்தக் கேள்வி நியாயமானதென்றே ஒப்புக்கொள்ளுகிறோம். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, வேலைக்கு வந்த வருஷத்தில் எழுதின குறிப்பையே ஓய்வு பெறுகிற வருஷம் வரை வாசிக்கிறவர்கள் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? இங்கேதான் தனி மனிதனுடைய பங்கு வருகிறது. வெறுப்பைப் போக்குவது சர்க்கார் கடமை. வெறுப்பு போன பின்னும் படிக்காதிருப்பது அவரவர் குற்றம். புது நூல் வாங்காமலிருப்பதற்குச் சர்க்கார் உத்தரவு ஒன்றுமில்லை. கேள்வி கேட்கிற பையனை உட்காரச் சொல்லும்படி யு.ஜி.சி. எழுதவில்லை.

ஆனால் இதிலும் ஸ்தாபனம் செய்யும் கோளாறு ஒன்றுண்டு. 2010-இல் யு.ஜி.சி. ஆசிரியர்களுக்கு மார்க்குப் போடும் முறையொன்றைக் கொண்டுவந்தது. கருத்தரங்குக்குப் போனால் இத்தனை, கட்டுரை அச்சானால் இத்தனை என்று எண்ணிப் பதவி உயர்வு கொடுத்தார்கள். உடனே என்னவாயிற்று? பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சுப் போடும் பத்திரிகைகள் மழைக்காளான் போல முளைத்தன. அவற்றைத் தடுக்க ஒரு பட்டியல் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டார்கள். இவ்வளவு கணக்கிலும், வகுப்பில் பிள்ளைக்குப் புரிந்ததா என்பதற்கு இருந்த இடம் மிகக் கொஞ்சம். எதை அளக்கிறோமோ அதுதான் விளையும். காகிதத்தை அளந்தார்கள்; காகிதம் விளைந்தது.

தனி மனிதனுடைய குணங்களில் எல்லாவற்றிலும் பெரியதாக நாம் கருதுவது ஒன்றுண்டு. அது, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி ஆசிரியன் மனத்துக்குள் என்ன நினைக்கிறான் என்பது. 1968-இல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைப் பொறுக்கி, இவர்கள் சீக்கிரம் முன்னுக்கு வருவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருஷ முடிவில், முக்கியமாகச் சின்ன வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்ததாகக் கண்டார்கள். முன்னேற்றம் எவ்வளவு என்பதில் பிறகு தகராறு உண்டு. ஆனால் ஆசிரியனுடைய எதிர்பார்ப்பு வேலை செய்யும் என்பதை நம் நாட்டாரிடம் நிரூபிக்க வேண்டியதேயில்லை. "இவனுக்கெல்லாம் படிப்பு வராது" என்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டே ஆயிரக்கணக்கான வருஷம் ஒரு நாட்டையே தற்குறியாக வைத்திருந்தவர்களல்லவா நாம்! இன்றும் கலாசாலை ஓய்வறையில் உட்கார்ந்து, "கோட்டாவில் வந்ததுகள், எங்கே படிக்கப் போகுதுகள்" என்று பேசுகிற ஒரு விரிவுரையாளர் இருந்தால், அவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அந்த வேலைக்கு யோக்கியதையற்றவர் என்றே சொல்லுவோம்.

அப்படியானால் முதலில் மனம் மாற வேண்டுமா, விதி மாற வேண்டுமா? இதற்கும் புதுக்கோட்டையிலேயே பதில் இருக்கிறது. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி என்ற பெண், ஆண்கள் படித்த மன்னர் கலாசாலையில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. பெண் என்பது ஒரு குற்றம். அவர் தாயார் பிறந்த குலம் இன்னொரு குற்றம். எதிர்த்தவர்களுடைய மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பெண் கிழவியாகியிருப்பார். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார், சேர்ந்தார், படித்தார், 1912-இல் டாக்டரானார், சட்டசபையில் உபதலைவரானார், அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார். உத்தரவு மாறியது முதலில். மனங்கள் பிறகு மெள்ள மாறின, சில மாறவேயில்லை. ஆனால் வகுப்பு நடந்துவிட்டது.

ஆகவே நாம் கேட்பது இவைகளே. காலியிடங்களை வருஷந்தோறும் ஒரு குறிப்பிட்ட மாதத்தில், கணக்குத் தவறாமல், இடஒதுக்கீட்டு முறைப்படி நிரப்ப வேண்டும். நிரப்பும் வரையில் இருக்கிறவர்களுக்குச் சம வேலைக்குச் சம சம்பளம், 12 மாதமும், மாதம் பிறந்ததும் கொடுக்க வேண்டும். சம வேலைக்குச் சம சம்பளம் தற்காலிக ஊழியருக்கும் உண்டென்று பஞ்சாப் வழக்கில் 2016-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இது ஒன்றும் புதுக் கோரிக்கையல்ல. புத்தகசாலைக்கும் ஆய்வகத்துக்கும் பணம் ஒதுக்கி, அது செலவான விவரத்தைக் கலாசாலைச் சுவரில் ஒட்ட வேண்டும். விரிவுரையாளரை எழுத்தர் வேலைக்கு இழுக்காமல் எழுத்தரை நியமிக்க வேண்டும். பிறகு, இவ்வளவும் செய்தான பிறகு, பிள்ளைகள் பெயர் எழுதாமல் தங்கள் ஆசிரியரைப் பற்றிச் சொல்லுகிற அபிப்பிராயத்தை வருஷத்துக்கு இருமுறை வாங்கி, நிரந்தரக்காரர், கௌரவக்காரர் என்ற பேதமின்றி, சரியாக வேலை செய்யாதவரைத் தாட்சண்யமில்லாமல் கேள்வி கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவனுக்குத்தான் கேட்கிற உரிமை உண்டு.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் போராட்டத்தில் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாரையும் தாய்மாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் கேட்கிற மனுவில், பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு பக்கம் எழுதுங்கள். அப்போது திண்ணைப் பேச்சுக்காரர்களே உங்கள் பக்கம் நிற்பார்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளையைச் சேர்க்கக் கலாசாலைக்குப் போகும்போது, விண்ணப்பத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், இந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை இடம் காலி என்றும் கேட்டு வாருங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். ஜில்லா முழுவதிலுமிருந்து நூறு பேர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரென்பது தானாகவே வெளிப்படும்.